ஈமு அப்பன் உம் கொட்டிய கதை

அந்தக் காலத்தில், கடல் இன்னும் குறுக்கே வந்து படுத்துக்கொள்ளாத காலத்தில், நிலமெல்லாம் ஒரே நிலமாகக் கிடந்தது. கால் போன போக்கில் நடந்தால் எந்த ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகவே, ஈமு என்ன நம் ஊர்ப் பறவையா என்று யாரும் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. அப்போது எல்லாமே நம் ஊர்தான். ஊர்வன, பறப்பன, நடப்பன எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டும் இருந்தன.

அங்கே கொழுக்கட்டைப் புல் முளைத்த மேய்ச்சல் காடு ஒன்று இருந்தது. நடுநடுவே வெள்வேல மரங்கள். காட்டின் கீழ்க்கோடியில் ஒரு மணல் பள்ளம் ஓடியது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் புரளும். கோடையில் மணலும் இரண்டொரு குட்டைகளும்தான் மிஞ்சும். அந்தக் காட்டில் காரியண்ணன் என்று ஓர் ஆண் ஈமு குடியிருந்தான்.

காரியண்ணன் நல்லவன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். ஒரே ஒரு குறை, அவனுக்கு வாய் மூடாது. ஊர்வம்பு பேசுகிற வாயாக இருந்தாலாவது கேட்கச் சுவையாக இருந்திருக்கும். இவன் பேசியதெல்லாம் எச்சரிக்கை. எறும்புப் புற்றருகே நின்று, "வரிசையாப் போங்க சாமி, ஒருத்தரை ஒருத்தரு முட்டிக்காதீங்க" என்பான். பாறைமேல் வெயில் காய்கிற பாம்பைப் பார்த்து, "வவுத்தைச் சுட்டுக்கப் போறீங்க" என்பான். ஒரு முறை மழையையே அண்ணாந்து பார்த்து, "மெதுவாப் பெய்யி, மண்ணுக்கு வலிக்கும்" என்று சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. அதை மட்டும் நான் முழுதாக நம்பவில்லை.

அவன் மனைவி பாவாயி. அவளுக்கு நேர் எதிரான குணம். ஓரிடத்தில் கால் தரிக்காது. தொலைவில் ஒரு மேகம் கறுத்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் அவளுக்கு. அந்த வருடம் அவள் முட்டைகள் இட்டாள். முற்றிய மாவிலையின் நிறத்தில், கையில் எடுத்தால் கனக்கிற முட்டைகள். அந்நாளில் மற்றப் பறவைகளைப் போல ஈமுவிலும் தாய்தான் அடைகாக்கும். பாவாயியும் உட்கார்ந்தாள். காரியண்ணன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"சித்தெ நவுந்து உக்காரு புள்ளெ. அந்தக் கோடி முட்டைக்குச் சூடு பத்தலெ."

பாவாயி நகர்ந்தாள்.

"அத்தனை நவுறாதே, ஒடஞ்சு போயிரும்."

பாவாயி பழைய இடத்துக்கே வந்தாள்.

"மூச்சை மெதுவா விடு. முட்டை குலுங்குது பாரு."

பாவாயி எழுந்துவிட்டாள். "ஏனுங்க, இந்தாங்க. நீங்களே உக்காருங்க. வடக்கே மழை பேஞ்சிருக்குதுங்கறாங்க, நான் போயிப் பாத்துட்டு வர்றேன்."

"எப்ப வருவே?"

"வர்றப்ப வருவேன்" என்று சொல்லிவிட்டு அவள் நீளக் கால் போட்டு நடந்துவிட்டாள். போகும்போது பின்னாலிருந்து, "கல்லு பாத்துப் போ, முள்ளு பாத்துப் போ" என்று குரல் வந்துகொண்டேயிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படித்தான் அடைகாக்கிற வேலை காரியண்ணன் தலையில் வந்து விழுந்தது. விழுந்த வேலையை அவன் அரைகுறையாகச் செய்கிற ஆள் கிடையாது. முதல் காரியமாக இடத்தை மாற்றினான். புல்தரையில் எறும்பு வரும், புதரில் பாம்பு வரும், மரத்தடியில் முள் உதிரும். எதுவும் வராத இடம் என்று தேடி, வெயிலும் மழையும் பட்டு வழுவழுவென்று ஆகிப்போன ஒரு பெரும்பாறையைக் கண்டுபிடித்தான். அதன் மேல் இருந்த ஒரு குழிவில் புல்லை நிரப்பி முட்டைகளை உருட்டி வந்து சேர்த்தான். பிறகு உட்கார்ந்தான். இரைக்குப் போனால் முட்டை ஆறிவிடும், தண்ணீருக்குப் போனால் நரி வந்துவிடும் என்று எதற்குமே எழவில்லை. உடம்பு வற்றி முதுகெலும்பு தெரிந்தது. பேச்சு மட்டும் வற்றவில்லை. ஓட்டுக்குள் இருந்த குஞ்சுகளிடமே, "உள்ளுக்குள்ள பாத்துப் பொரளுங்க கண்ணுகளா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

குஞ்சுகள் பொரித்தன. உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட குஞ்சுகள். காரியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரையும் எண்ணி எண்ணிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், அழுதும் பார்த்தான். கடைசியில் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்த பெண்குஞ்சுக்கு மயிலாத்தா என்று பேர் வைத்தான். ஈமுவுக்கு மயிலாத்தாவா என்று நீங்கள் சிரிக்கலாம். பெற்றவன் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது, நாம் என்ன செய்ய முடியும்.

குழிவில் கிடந்த புல்லுக்குள் பூச்சி இருக்கும் என்று அத்தனை புல்லையும் வாரி வெளியே தள்ளினான். பாறை துடைத்து வைத்த மாதிரி ஆயிற்று. குஞ்சுகள் இரை தேடிக் கீழே இறங்கினால் முள் குத்தும் என்று, வெட்டுக்கிளியும் விதையுமாக அவனே அள்ளிக்கொண்டு வந்து வாய்க்கு வாய் ஊட்டினான். அவை கொழுகொழுவென்று ஆயின. ஏதாவது ஒரு குஞ்சு பாறை விளிம்புப் பக்கம் ஒரு கால் எடுத்து வைத்தால் போதும்.

"நில்லு! எங்கெ போறே? உளுந்து போயிருவே. இங்கெ வா, அப்பன் வவுத்துக்கடியில வந்து உக்காரு."

குஞ்சு உடனே திரும்பி ஓடிவந்து அவன் வயிற்றுக்கடியில் புகுந்துகொள்ளும். நாள் போகப்போக அவனுடைய சொல்லுக்குக்கூட அவசியம் இல்லாமல் போயிற்று. அவன் தொண்டையைக் கனைத்தாலே எல்லாக் குஞ்சும் போட்டது போட்டபடி வந்து ஒண்டும். வழியில் போன முயலும் காடையும், "புள்ளைகன்னா இப்படியல்ல இருக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காரியண்ணனுக்கு அந்தப் பேச்சில் வயிறு நிறைந்துவிடும்.

பிறகு ஒரு காலையில் மயிலாத்தா எழுந்திருக்கவில்லை. எழ முயன்றாள். இரண்டு காலும் இரண்டு பக்கமாக வழுக்கிக்கொண்டு போயின. நெஞ்சு பாறையில் மோதியது. மறுபடியும் முயன்றாள், மறுபடியும் கால்கள் அகன்றன. தவளையைப் போலக் கவிழ்ந்து கிடந்தபடி, "அப்பா, எந்திரிக்க முடியலீங்க" என்றாள். மற்றக் குஞ்சுகளைப் பார்த்தால் அவையும் தள்ளாடித்தான் நடந்தன. ஒன்றுக்கு விரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

"அசதியா இருக்கும் கண்ணு. எந்திரிக்காதே. அப்படியே படுத்துக்க, அப்பன் ஊட்டறேன்" என்றான் காரியண்ணன். இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊட்டினான். அவளுக்கு உடம்பு கனத்தது, கால் இன்னும் அகன்றது. நடக்க முடியாத ஈமு குஞ்சு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கோடை முற்றினால் பள்ளத்துக் குட்டைகளைத் தேடி நடந்தே ஆகவேண்டும். நடக்காத பிள்ளையை விட்டுவிட்டுத்தான் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்த வழியாக அருக்காணி வந்தாள். அருக்காணி ஒரு கௌதாரி. வெடுக்கென்று பேசுவாள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவளுக்கும் அந்த வாரம்தான் குஞ்சு பொரித்திருந்தது. அவை புழுதியைக் கிளப்பிக்கொண்டு முன்னே ஓட, அவள் பின்னே வந்தாள்.

"ஏனுங்கண்ணா, சத்தத்தையே காணோம். ஒடம்புக்கு முடியலீங்களா?"

காரியண்ணன் எழுந்து நகர்ந்து, மயிலாத்தாவைக் காட்டினான். அருக்காணி பாறைமேல் ஏறி வந்தாள். ஏறும்போது அவளுக்கே கால் ஒரு முறை வழுக்கியது. அவள் குஞ்சைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், பிறகு காரியண்ணனைப் பார்த்தாள்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. காலு புடிக்கறதுக்கு ஒரு மண்ணாங்கட்டி வேணுமில்லீங்களா? நகம் எதைப் புடிச்சு நிக்கும் இந்தக் கண்ணாடிப் பாறையில?"

"கீழெ முள்ளு கெடக்குது அருக்காணி."

"முள்ளு குத்துனா எடுத்துப் போடலாமுங்க. காலு போனா எங்கெ போயி எடுத்துட்டு வருவீங்க?"

காரியண்ணனுக்குச் சுருக்கென்றது. தான் பட்டினி கிடந்து பொரித்த பிள்ளைக்கு இன்னொருத்தி வந்து வைத்தியம் சொல்வதா என்று ஒரு நொடி கோபம் வந்தது. மயிலாத்தா மறுபடியும் எழ முயன்று கவிழ்ந்தாள். கோபம் வந்த வழியே போய்விட்டது.

"என்ன பண்ணோணும், சொல்லு" என்றான்.

அருக்காணி சொன்னாள், அவன் செய்தான். மயிலாத்தாவை அலகால் மெல்ல நெட்டி நெட்டி, சரளையும் புழுதியும் கலந்த சொரசொரப்பான தரைக்குக் கொண்டுவந்தான். இரண்டு காலும் உடம்புக்கு நேர் கீழே நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு, மெல்லிய புல்லைப் பிரித்துத் திரித்துக் கட்டினார்கள். கட்டு இறுக்கமாக இருந்தால் கால் வீங்கும் என்று அருக்காணி அடிக்கடி வந்து தொட்டுப் பார்த்துத் தளர்த்திவிட்டாள். ஊட்டுவதை நிறுத்தச் சொன்னாள்.

"பசிச்சாத்தான் நடப்பா. நடந்தாத்தான் காலு உறுதியாகும். காத்தாலைக்கும் பொழுது சாயறப்பவும் ஓட உடுங்க. அவ்வளவுதான் மருந்து."

மற்றக் குஞ்சுகளுக்குச் சீக்கிரமே தேறிவிட்டது. மண்ணில் நகம் ஊன்றியதும் தாங்களாகவே வெட்டுக்கிளியைத் துரத்தத் தொடங்கின. மடங்கிய விரலும் நிமிர்ந்தது. மயிலாத்தாவும் கட்டுப் போட்ட காலோடு நிற்கப் பழகினாள். கட்டை அவிழ்த்த அன்று கால்கள் அகலவில்லை. நேராக நின்றாள். காரியண்ணனுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"நட கண்ணு" என்றான்.

அவள் ஒரு காலைத் தூக்கினாள்.

"பாத்து!"

அவள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்று முழுவதும் இதே கதைதான். அவள் எழுவாள், ஓர் அடி வைப்பாள், இவன் வாயிலிருந்து ஏதாவது ஒன்று தெறித்து விழும், அவள் உட்காருவாள். "நல்லா நடக்கறே" என்று சொன்னாலும் உட்காருவாள். அவன் குரல் கேட்டால் நிற்கவேண்டும், ஒண்டவேண்டும் என்றுதான் அவள் உடம்பு பழகியிருந்தது. என்ன சொன்னான் என்பது அவள் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. மற்றக் குஞ்சுகளும் அப்படித்தான், எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும் அப்பன் குரல் கேட்டதும் திரும்பி வந்து வயிற்றுக்கடியில் புகுந்தன.

பார்த்துக்கொண்டிருந்த அருக்காணிக்குப் பொறுக்கவில்லை. "புள்ளை காலுக்குப் போட்ட கட்டை அவுத்தாச்சுங்கண்ணா. உங்க வாய்க்கு எப்பக் கட்டறது?"

காரியண்ணன் முயலாமல் இல்லை. ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டு நின்றான். மயிலாத்தா ஒரு கல்லருகே போனபோது சுள்ளி இரண்டாக முறிந்து, "கல்லு!" என்று வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பார்க்காவிட்டால் பேசமாட்டோம் என்று எண்ணம். பார்க்காதபோது பயம் இரட்டிப்பாகி, "இருக்கறியா?" என்று கத்திவிட்டான். மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அங்கிருந்து மரத்திடம் பேசினான். அதுவும் குஞ்சுக்குக் கேட்டது.

ஒரு நாள் கோவைப்பழம் நிறையப் பழுத்திருந்தது. பிள்ளைகளுக்கு என்று வாய் கொள்ளும் மட்டும் கவ்விக்கொண்டு வந்தான். மயிலாத்தா தனியாக நின்றிருந்தாள். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்பா, பொறத்தால இருக்கறீங்களா?"

வாய் நிறையப் பழம். திறந்தால் கொட்டிவிடும். "உம்" என்றான்.

அவள் ஓர் அடி வைத்தாள். உட்காரவில்லை. இன்னோர் அடி வைத்தாள்.

"அப்பா, அந்த மரம் வரைக்கும் போகட்டுங்களா?"

"உம்."

போனாள். அவள் பாட்டுக்கு நடந்து போனாள். கதை கேட்கிறவர் உம் கொட்டினால் சொல்கிறவர் மேலே மேலே சொல்லிக்கொண்டு போவதில்லையா, அப்படி அந்த உம் அவளை மேலே மேலே கொண்டுபோயிற்று. மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் வந்தாள். காரியண்ணனால் தாங்க முடியவில்லை. அத்தனை பழத்தையும் துப்பிவிட்டு, "அட என்ற கண்ணே!" என்று கூவினான். மயிலாத்தா அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று அவனுக்குப் புரிந்தது. தன் பிள்ளை நடப்பதற்கு எது தடை என்று தெளிவாகவே புரிந்தது. ஆனாலும் என்ன செய்ய, மறுநாளும் பேசத்தான் செய்தான். புரிந்துவிட்டதாலேயே பழக்கம் விட்டுப்போய்விடுவதாக இருந்தால் நம்மில் பாதிப் பேர் வேறு மாதிரி இருந்திருப்போம்.

கோடை முற்றியது. புல்லெல்லாம் காய்ந்து சருகாயிற்று. ஒரு பகலில் மழையில்லாமல் இடி மட்டும் இறங்கியது. காட்டின் மேல்கோடியில் நின்ற ஒற்றைப் பனையில் விழுந்து பற்றிக்கொண்டது. காற்று மேற்கிலிருந்து அடித்தது. புல்லில் தீ இறங்கிச் சடசடவென்று பரவி வந்தது. தப்பிக்க ஒரே வழி கீழ்க்கோடி மணல் பள்ளம். மணலில் தீ ஏறாது. அதுவரை ஓடியாகவேண்டும்.

"ஓடுங்க!" என்று கத்தினான் காரியண்ணன். "பள்ளத்துக்கு ஓடுங்க!"

எல்லாக் குஞ்சும் அவனை நோக்கி ஓடிவந்து வயிற்றுக்கடியில் புகுந்தன. மேய்ந்தபடி பள்ளத்துக்குப் பக்கமாகவே போயிருந்த மயிலாத்தா, தன் புதுக்காலை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு, தீ வருகிற திசைக்கே திரும்பி வந்தாள்.

"இங்கெ வராதீங்க! அக்கட்டால போங்க, போங்க கண்ணுகளா!"

சொல்லச் சொல்ல இன்னும் நெருக்கியடித்து ஒண்டின. கூரிய நகத்தால் அவன் காலை இறுகப் பற்றிக்கொண்டன. புகை வந்து மூடியது. தன் குஞ்சுகளை முன்னால் ஓட்டிக்கொண்டு போன அருக்காணி திரும்பிப் பார்த்து அலறினாள்.

"வாயை மூடுங்கண்ணா! உங்க பேச்சே புள்ளைகளை எரிச்சுப் போடும்!"

அவன் வாயை இறுக மூடினான். பிள்ளைகளை அலகால் தள்ளினான், பள்ளத்துப் பக்கமாகத் தானே இரண்டு எட்டு ஓடிக் காட்டினான். குஞ்சுகள் கொஞ்சம் நகர்ந்தன. பின்னால் ஒரு வெள்வேல மரம் படாரென்று வெடித்தது. "ஐயோ, பாத்து!" என்று அவனையும் மீறி வந்துவிட்டது. மறுபடி எல்லாம் வயிற்றுக்கடியில்.

காரியண்ணன் தன்னைத் தானே அறிந்துகொண்ட நேரம் அது. இந்த வாயை நம்ப முடியாது. இதை அடைத்தால்தான் உண்டு. காலடியில் ஒரு கூழாங்கல் கிடந்தது. உருண்டையான, அவன் தொண்டைக்குச் சற்றே பெரிதான கல். யோசிக்க நேரமில்லை. அலகால் கவ்வி, தலையைப் பின்னால் சாய்த்து, விழுங்கினான். அது இறங்கிப் பாதித் தொண்டையில் சிக்கிக்கொண்டது. உயிர் போகிற வலி. கத்தப் பார்த்தான், சொல் வரவில்லை. மூச்சு மட்டும் கல்லைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

வயிற்றுக்கடியிலிருந்து மயிலாத்தாவின் குரல் கேட்டது. "அப்பா, பயமா இருக்குதுங்க. போகட்டுங்களா?"

"உம்" என்றான் காரியண்ணன்.

அவள் வெளியே வந்தாள். ஓடத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்றவையும் ஓடின. அவன் தீக்கும் அவற்றுக்கும் நடுவில், பின்னாலேயே ஓடினான். "உம்... உம்... உம்..." அந்தச் சத்தம் பின்னால் இருக்கிறவரை அப்பன் இருக்கிறான் என்று அவற்றுக்குத் தெரிந்தது. அது நிற்கச் சொல்லாத சத்தம். ஆகவே ஒன்றும் நிற்கவில்லை. பள்ளத்துக்குச் சற்று முன்னால் மயிலாத்தா ஓர் எலி வங்கில் கால் இடறி விழுந்தாள். காரியண்ணனின் நெஞ்சில் இருந்த அத்தனை சொல்லும் ஒரே நேரத்தில் கிளம்பி வந்து கல்லில் முட்டியது. வெளியே வந்தது ஓர் உம்தான். அவள் கால் ஊன்றி எழுந்தாள். நகம் மண்ணைப் பற்றியது. எழுந்து ஓடினாள்.

எல்லாரும் மணலுக்கு வந்து சேர்ந்தார்கள். தீ கரைவரை வந்து, மணலைப் பார்த்துவிட்டு அடங்கியது. காரியண்ணனின் வால்பக்க இறகு கருகியிருந்தது. குஞ்சுகளில் ஒன்றுக்கும் சேதமில்லை. குட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவை மணலில் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கின.

அருக்காணி வந்து அவன் கழுத்தைப் பார்த்தாள். கல் இருந்த இடம் புடைத்துக்கொண்டிருந்தது.

"எத்தனை பெரிய கல்லுங்க சாமி! சரி, பயப்படாதீங்க. தலையைத் தொங்கப் போட்டுட்டு, அந்த மரத்துல கழுத்தை ரெண்டு மோது மோதுங்க. வந்துரும். அப்பறம் எப்பவும்போலப் பேசலாமுங்க."

காரியண்ணன் மரத்தருகே போனான். தலையைத் தொங்கவிட்டான். கல் அசைந்து கொடுத்தது. இன்னும் ஒரு மோது மோதினால் வெளியே வந்துவிடும். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. பிழைத்தீர்களே என்று சொல்லவேண்டும். மயிலாத்தாவிடம், உன் காலைக் கெடுத்தவன் நான்தான் கண்ணு, என்று சொல்லவேண்டும். பாவாயி வந்தால், நீ உட்கார்ந்தது சரியாகத்தான் இருந்தது என்று சொல்லவேண்டும். எல்லாம் நல்ல சொற்கள். தொண்டையில் வரிசை கட்டி நின்றன. ஆனால் அந்த வரிசையின் முதலில் நின்றது "நில்லு". அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வெளியே அனுப்ப அவனுக்குத் தெரியாது. அது அவனுக்கே தெரிந்திருந்தது.

"அப்பா, இந்தப் பள்ளம் எங்கெ போகுதுங்க? கொஞ்ச தூரம் போயிப் பாக்கட்டுங்களா?"

மயிலாத்தா மணலில் நின்று கேட்டாள். நேரான இரண்டு காலில் நின்றாள்.

காரியண்ணன் தலையை நிமிர்த்தினான். கழுத்தை வானத்துக்கு நீட்டி, பலம்கொண்ட மட்டும் ஒரு முறை விழுங்கினான். கல் இறங்கிற்று. தொண்டையில் நின்ற சொற்களையும் இழுத்துக்கொண்டு இரைப்பைக்குப் போய்ச் சேர்ந்தது.

"உம்" என்றான்.

அவள் ஓடினாள். அருக்காணி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போய் ஒரு முறை திரும்பி அவனைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மழை வந்த பிறகு பாவாயி திரும்பி வந்தாள். வடக்கே பெய்த மழை, அங்கே பழுத்த பழம், வழியில் பார்த்த ஆறு என்று பொதுவாகத் தொடங்கினாள். வழக்கமாக இரண்டாவது வாக்கியத்திலேயே, "அங்கெல்லாம் போலாமா? வழுக்கி உளுந்தா என்னாகறது?" என்று அவன் குறுக்கிடுவான். அன்று உம் என்றான். அவள் மேலே சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் அகலமாகி, தொண்டைக்குள் உடுக்கை அடிப்பதுபோல முழங்கியது. தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பொழுது சாயும்வரை பேசினாள். கடைசியில், "ஏனுங்க, உங்களுக்கு என்னாச்சுங்க? ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறீங்க?" என்றாள். அவன் அவள் கழுத்தில் தன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டான்.

குஞ்சுகள் வளர்ந்தன. கோடுகள் மறைந்தன. மழையும் கோடையுமாக ஒரு சுற்றுப் போய், மறு மழையும் வந்தபோது ஒவ்வொன்றாகத் தனி வழி பார்த்துக்கொண்டு கிளம்பின. எல்லாருக்கும் பிறகு மயிலாத்தா வந்து நின்றாள். அப்பனின் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் உறுதியான வேல மரம்போல் இருந்தன.

"அப்பா, நான் போயிட்டு வரட்டுங்களா?"

எந்தப் பக்கம் போகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. அங்கே தண்ணீர் இருக்குமா, நரி இருக்குமா, முள் எவ்வளவு, பாறை எவ்வளவு, ஒன்றும் தெரியாது. திரும்பி வருவாளா என்பதும் தெரியாது. வயிற்றுக்குள் கல் ஒரு முறை புரண்டது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, அவளுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி, "உம்" என்றான்.

அவள் போனாள். காடு முடிகிற இடம்வரை அவன் உம் கொட்டிக்கொண்டே நின்றான். அவள் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை.

ஆண் ஈமு அடைகாப்பதும், குஞ்சுகளை மண்ணில் ஓடவிட்டுத் தானே கூட நடந்து வளர்ப்பதும், கூழாங்கல்லைக் கண்டால் எடுத்து விழுங்குவதும் அன்றிலிருந்துதான். எத்தனை பிள்ளையைப் பெற்று வளர்த்தாலும் அவற்றோடு பேச அதற்கு ஒரே ஒரு சொல் மட்டும் இருப்பதும் அன்றிலிருந்துதான்.